வீட்டில் பேச இடமில்லை, கல்லூரியில் பேசப் பயம்

வாசகர் கடிதம், மனநல மருத்துவரின் பதில். ஜூலை 2021.

இந்தக் கடிதம் கைபேசியில் தட்டச்சு செய்து இரவு 2 மணிக்கு அனுப்பப்பட்டது. எழுதியவர் டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 20 வயது மாணவி. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்து, இறுதியாண்டுக்குள் நுழைகிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடியபோது ‘பத்து நாள் லீவு’ என்று நம்பி இரண்டு சுடிதாரோடு ஊருக்கு வந்தவர். இந்த வருடம் பிப்ரவரியில் திறந்து ஆறு வாரம் விடுதியில் இருந்தார். மறுபடி மூடினார்கள், மறுபடி ஊர். வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி. அப்பா, அம்மா, தம்பி, அப்பாயி என்று ஐந்து பேருக்கும் ஒரே ஸ்மார்ட்போன். அதில்தான் தம்பிக்கும் இவருக்கும் வகுப்பு. ஏப்ரல் கடைசியில் இவருக்குக் காய்ச்சல் வந்து போனது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டிலிருக்கும் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். மே மாதம் மருத்துவமனையில் இறந்துவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இவர் படிப்புச் செலவில் பாதியைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பெரியப்பா.

அதிலிருந்து தூக்கமில்லை. பசி இல்லை, எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் ‘பிரசன்ட் சார்’ சொல்வதோடு சரி. அப்பாயிக்கு வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நாலைந்து முறை பாதிப்பாதியாகப் போட்டிருக்கிறார். “நான்தான் அவருக்குக் கொடுத்துட்டேன்” என்ற நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது. “சில ராத்திரி, விடியாமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது” என்று ஒரு வரி, அதற்குக் கீழே உடனே, “ஆனா நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன் டாக்டர்” என்று இன்னொரு வரி.

கல்லூரியில் ‘மாணவர் ஆலோசனை’ என்று ஒரு ஆன்லைன் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பெயர், பதிவு எண், துறை, பெற்றோர் கைபேசி எண், “உங்கள் பிரச்சினையை 100 வார்த்தைக்குள் எழுதவும்.” நிரப்பினால் துறைத் தலைவருக்குப் போகுமோ, வளாக நேர்காணலில் கம்பெனிகளுக்குத் தெரியுமோ, டி.சி.யில் எழுதுவார்களோ என்று பயம். ஒரு செயலியில் பார்த்தால் 45 நிமிடத்துக்கு 900 ரூபாய். அரசு மருத்துவமனைக்குப் போனால் அப்பா கையெழுத்து கேட்பார்களா, மாத்திரை போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா, ‘எல்லோருக்கும்தானே கஷ்டம், உனக்கு மட்டும் என்ன’ என்று வகுப்பு ஆசிரியர் சொன்னது சரியா என்று கேட்டிருக்கிறார்.

---

கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்று. ஒருநாள் 104-க்கு அழைத்திருக்கிறீர்கள். மறுமுனையில் ‘சொல்லும்மா’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா ‘யார்கிட்டடி பேசுற?’ என்று குரல் கொடுக்க, ‘ராங் நம்பர்மா’ என்று வைத்துவிட்டீர்கள்.

இந்த ஒன்றரை வருடத்தில் உதவி எண்களுக்குக் குறைச்சல் இல்லை. மாநில அரசின் 104 இருக்கிறது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு 13 மொழிகளில் ‘கிரண்’ என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. மாணவர்களுக்கென்று ‘மனோதர்பண்’ வந்தது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 இருக்கிறது. எண்ணைத் தருகிறவர்கள் எல்லோரும், அழைக்கிற பிள்ளைக்குக் கதவை மூடிக்கொள்ள ஒரு அறை இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னிடம் போனில் பேசிய மாணவர்கள்தான் திருத்தினார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பேசினார்கள், அப்பாவின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பையன் வயல் மோட்டார் கொட்டகையிலிருந்து பேசினான். பம்புசெட் இரைச்சலில் அவன் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அந்த இரைச்சல்தான் அவனுக்குத் தைரியம் என்று புரிய எனக்கு இரண்டு அழைப்பு ஆனது.

ஆகவே நீங்கள் ‘ராங் நம்பர்’ சொன்னதற்காக உங்களைக் கோழை என்று திட்டிக்கொள்ள வேண்டாம்.

‘எல்லோருக்கும்தானே கஷ்டம்’

ஆசிரியர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார். ஆனால் தவறு. ஊருக்கே வெள்ளம் வந்தாலும் நீச்சல் தெரியாதவன், காலில் அடிபட்டவன், கைக்குழந்தையோடு நிற்பவள் எல்லோருக்கும் ஒரே வெள்ளமா அது?

கடிதத்தை வைத்து நோயின் பெயர் சொல்ல மாட்டேன், அது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டு, தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ளும் எண்ணமும் சேர்ந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் பாடப்புத்தகக் கணக்கு. உங்களுக்கு ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது. எடை வேறு குறைந்திருக்கிறது. இதில் துக்கம் எவ்வளவு, மனச்சோர்வு நோய் எவ்வளவு, கொரோனா விட்டுப்போன உடல் அசதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியது மருத்துவரின் வேலை. முதல் நாளே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க எழுதிக் கொடுத்தால் ‘மனசுக்கு எதுக்கு ரத்தப் பரிசோதனை’ என்று திகைக்காதீர்கள். உங்கள் வயதுப் பெண்களில் ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே வேஷத்தில் வருவதுண்டு.

அடுத்து பெரியப்பா. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் டீக்கடை வைத்திருந்தவர் என்று. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்னும் பின்னும் கிராமத்து டீக்கடை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் முழுக்க அவர் எத்தனை பேருக்கு டம்ளரை எடுத்துக் கொடுத்திருப்பார், எத்தனை பேரிடம் சில்லறை வாங்கியிருப்பார்? அந்த வாரங்களில் தொற்று தெருத்தெருவாக இருந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இன்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. உங்கள் மனம் மட்டும் விசாரணையும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டது. சரி, ஒரு பேச்சுக்கு உங்களிடமிருந்தே போயிருந்தாலும், மூச்சு விட்டதும் ஒரே வாசலில் புழங்கியதும் குற்றமாகுமா? இதை நான் ஒருமுறை எழுதிவிட்டதால் உங்களுக்குத் தீர்ந்துவிடாது என்பது தெரியும். இந்தக் குற்ற உணர்ச்சிதான் உங்கள் சிகிச்சையில் பெரும்பகுதி பேசப்பட வேண்டியது. எனவே டாக்டரிடம் ‘தூக்கம் வரல’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் சொல்லுங்கள்.

முகம் பார்க்காமல், ஊரும் உறவும் கூடாமல் போன சாவு அது. அழுது தீர்க்க ஒரு இடமே கிடைக்கவில்லை. ஆடி அமாவாசை வருகிறது. பெரியம்மா வீட்டில் சின்னதாகப் படையல் வைத்து, அவரைப் பற்றிப் பேச நாலு பேர் உட்கார்ந்தால் நீங்களும் போய் உட்காருங்கள். கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டியது கட்டியபடி இருக்கட்டும், நான் அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். கயிறும் இருக்கட்டும், ஓ.பி. சீட்டும் இருக்கட்டும்.

அந்த ஒற்றை வரி

‘விடியாமலே போயிட்டா’ என்ற வரியை நான் மூன்று முறை படித்தேன். அடுத்த வரியில் நீங்கள் கொடுத்த உறுதியையும் நம்புகிறேன். ஆனால் இந்த எண்ணம் மனச்சோர்வோடு கூடவே வரும் அறிகுறிகளில் ஒன்று. ஜுரத்தில் உடம்பு நடுங்குவது மாதிரி. வந்துவிட்டதே என்று வெட்கப்பட வேண்டாம், வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம். எண்ணம் குற்றமல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. அப்பாயியின் மாத்திரை அட்டையை இனி உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ‘அப்பாயி மறந்து ரெண்டு தடவ போட்டுடுறாங்கம்மா’ என்று சொன்னால்கூடப் போதும், அந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அதுவும் பூட்டுக்குள் போகட்டும். அந்த எண்ணம் எப்போதாவது ‘தோணுது’ என்பதைத் தாண்டி, எப்படி, எப்போது என்று யோசிக்கும் இடத்துக்கு வந்தால் ரகசியம், மரியாதை, நேரம் எதையும் பார்க்காதீர்கள். அம்மாவை எழுப்புங்கள். 108 அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அது இரவெல்லாம் திறந்திருக்கும்.

படிவத்தை என்ன செய்வது?

இப்போதைக்கு நிரப்பாதீர்கள். ஒரு டாக்டர் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். காரணம் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலிலேயே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் எழுதியது. மாணவர்களின் மனநலத்துக்கு உதவி எண் ஏற்படுத்துங்கள், விடுதிக் காப்பாளர்கள், மூத்த ஆசிரியர்கள் தலைமையில் உதவிக் குழுக்கள் அமையுங்கள் என்று. சில கல்லூரிகள் அதை ஒரு வேலையாக எடுத்துச் செய்தன. முழுநேர உளவியலாளரை வைத்து மாலை நேரத்தில் போனில் பேச வைத்த கல்லூரிகளை எனக்குத் தெரியும். வேறு சில கல்லூரிகள் காகிதத்தில் வந்த கேள்விக்குக் காகிதத்திலேயே பதில் சொல்லிவிட்டன. பதிவு எண்ணையும் பெற்றோர் எண்ணையும் கேட்டுவிட்டு, யார் படிப்பார்கள் என்று எங்கேயும் சொல்லாத படிவம் இரண்டாம் வகை என்றே நினைக்கிறேன். மனதில் இருப்பதைச் சொல்ல 100 வார்த்தை வரம்பு வைத்தவர் அந்த 100 வார்த்தையைப் படிக்கப்போகிறவராக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காகக் கல்லூரிக் கதவை ஒரேயடியாகச் சாத்திவிட வேண்டாம். படிவத்தில் ஒரு தொடர்பு எண் இருக்குமே, அதில் மூன்று கேள்வி கேளுங்கள், பெயர் சொல்லாமலே கேட்கலாம். ஆலோசகர் யார், என்ன படித்தவர்? நான் எழுதுவதை அவரைத் தவிர யார் பார்ப்பார்கள்? என் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்வீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் பேசிப் பாருங்கள். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா’ என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

டி.சி. பயம் வீண். மாற்றுச் சான்றிதழில் நோயை எழுத இடமே கிடையாது. வேலைக்குச் சேரும்போது கம்பெனிகள் செய்யும் பரிசோதனை பெரும்பாலும் ரத்தம், சிறுநீர், கண் பார்வை, மார்பு எக்ஸ்ரேயோடு முடியும். நீங்கள் அரசு மருத்துவமனையில் வாங்கிய சீட்டு எந்த வழியிலும் அவர்கள் மேசைக்குப் போவதில்லை. அவர்கள் கைக்குப் போகும் ஒரே காகிதம் மதிப்பெண் பட்டியல். இந்த நிலையில் இன்னும் இரண்டு மாதம் போனால் கெடப்போவது அதுதான்.

வருகைப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. பல பல்கலைக்கழக விதிகளில் 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும் மருத்துவக் காரணத்தைக் காட்டி ஓரளவு விலக்குப் பெறலாம். உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் எவ்வளவு எழுதுவது என்று மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். ‘என் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்பதே பெரும்பாலும் போதுமானது.

யார் கையெழுத்தும் வேண்டாம்

உங்களுக்கு 20 வயது. வெளிநோயாளியாக ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க அப்பாவோ, அண்ணனோ, கல்லூரி முதல்வரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. 23-ஆவது பிரிவு உங்கள் நோய், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கடமையை என்மீதும் என் போன்றவர்கள்மீதும் வைத்திருக்கிறது. அப்பா வந்து ‘என் பொண்ணுக்கு என்ன’ என்று கேட்டாலும், உங்களைக் கேட்காமல் நான் சொல்லக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குச் சொல்லலாம். நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டும். எந்த ஆலோசகராவது ‘செத்தாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்தால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எங்கே போகலாம்?

900 ரூபாய் செயலி ஒன்றும் பாவம் இல்லை. வசதி இருக்கிறவர்களுக்கு நல்ல உளவியலாளர்கள் அங்கேயும் கிடைக்கிறார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் ‘கவுன்சிலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும் நிலைமை நம் நாட்டில் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். மருந்து எழுத மருத்துவரால்தான் முடியும், உளவியலாளரால் முடியாது. அதோடு, வீட்டில் ஒரே போன், அதிலும் அரசு கொடுத்த நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு ஏப்ரலோடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். கூடத்தில் உட்கார்ந்து காணொளியில் அழ முடியுமா?

அதனால் நான் சொல்வது பழைய வழி. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கிடையாது, மருந்தும் இலவசம். ஜூலை 5 முதல் டெல்டா மாவட்டங்களிலும் பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வெள்ளை போர்டு பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார். எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டால் தெரியும்.

அங்கே எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் இருக்கும். வராந்தாவில் பெஞ்சு, இடைவெளி விட்டு உட்காரச் சொல்வார்கள், யாரும் விட்டு உட்கார மாட்டார்கள். முதல் நாள் டாக்டர் உங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரம் தூக்கம், எடை எவ்வளவு குறைந்தது, எத்தனை முறை அப்பாயி மாத்திரை போட்டீர்கள், பெரியப்பா, அந்த ‘விடியாமலே’ வரி. வாயால் சொல்ல வராவிட்டால் காகிதத்தை நீட்டிவிடுங்கள். நான் அப்படி எத்தனையோ காகிதம் வாங்கியிருக்கிறேன். ஒரு மாணவி பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நாலே வார்த்தை எழுதி நீட்டினாள், அன்றைக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அடுத்தடுத்த ஆலோசனைகளில் சிலதைப் போனிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் குரல், காணொளி, எழுத்து மூன்றையும் ஏற்கின்றன. தூக்க மாத்திரைகளில் பலவற்றைப் போன் வழியே எழுத முடியாது என்பது போன்ற வரம்புகள் உண்டு. வீட்டிலிருந்து பேசும்போது ஒரு உபாயம்: ஆரம்பத்திலேயே ‘என்னால் ஆமா, இல்ல மட்டும்தான் சொல்ல முடியும், நீங்க கேளுங்க’ என்று சொல்லிவிடுங்கள். கேள்வியை அவர் நீட்டமாகக் கேட்பார், நீங்கள் ‘ம்’ கொட்டினால் போதும். அம்மா காதுக்கு அது தோழி கதை சொல்வதுபோல்தான் கேட்கும். 104-க்கும் இதையே சொல்லலாம். அந்த எண்ணை இன்னொரு தடவை முயன்று பாருங்கள், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் நேரத்தில்.

மாத்திரை

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. உங்களுக்குத் தேவைப்படலாம் என்று கடிதம் சொல்கிறது, முடிவு பார்க்கிறவர் கையில். மனச்சோர்வுக்கு இப்போது முதலில் கொடுக்கும் மருந்துகள் போதைப் பழக்கம் ஆக்குபவை அல்ல. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். முதல் வாரம் குமட்டல், தலைவலி இருக்கலாம். ‘போட்டும் ஒண்ணும் ஆகல’ என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லும் கணக்கில் குறைத்து நிறுத்துவது வழக்கம். ஆயுசுக்கும் அல்ல. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்போ, சாவு பற்றிய எண்ணமோ கூடுவதுபோல் இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரச் சொல்வோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் ஆக்கக்கூடியது எது தெரியுமா? நீங்கள் டாக்டர் இல்லாமலே போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பாதி மாத்திரைதான். அந்த வகைத் தூக்க மாத்திரைகள் பெரும்பாலும் நாளாக நாளாகப் பாதி போதாமல் முழுசு கேட்கும். நாலைந்து முறையோடு நின்றிருப்பது நல்லது. இனி வேண்டாம்.

அம்மாவிடம்

சட்டப்படி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றேன். ஆனால் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பது டாக்டரின் கடமை. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தனியாளாக இதைச் சுமப்பது உங்கள் கடமை அல்ல. கடிதத்தில் அம்மாவைப் பற்றி நீங்கள் ‘அவங்களுக்குப் புரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, இரவில் நீங்கள் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவர் எழுந்து போர்வையை இழுத்துவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதன் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஏதோ சரியில்லை என்பது தெரிந்தேதான் இருக்கிறது.

‘மனநலம்’, ‘டிப்ரஷன்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். உண்மையாக உள்ளதைச் சொல்லுங்கள்: “ரெண்டு மாசமா தூக்கமே வரலம்மா, சாப்பாடு எறங்கல, பெரியாஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்.” எடை குறைந்த பெண்ணைப் பார்க்கும் எந்த அம்மாவும் இதற்கு மறுப்புச் சொல்வது அபூர்வம். அங்கே மனநலப் பிரிவுப் பலகையைப் பார்த்துத் தயங்கினால், மீதியை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது டாக்டர் வேலை. எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறோம். உள்ளே போகும்போது மட்டும் ‘முதல்ல நான் தனியா பேசணும் சார்’ என்று சொல்லுங்கள், அம்மாவை வெளியே உட்கார வைப்பார்கள். அம்மா ஒத்துவராவிட்டால் உடன் வரத் தோழி யாராவது இருக்கிறாளா என்று பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் தனியாகப் போங்கள், திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

தம்பிக்கு வகுப்பு காலை 9 முதல் 11 வரை, அந்த நேரம் போன் உங்களிடம் இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாயிற்று. ஓ.பி. சீட்டுக் கொடுக்க காலை ஏழரை மணிவாக்கில் ஆரம்பித்துவிடுவார்கள். போன் இல்லாமலே போகலாம். ஆதார் அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம், ஒரு பாட்டில் தண்ணீர், அந்தக் காகிதம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், ஞாயிறு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து அன்றைக்கு வரிசை வாசல்வரை நிற்கும். செவ்வாய் அல்லது புதன் போங்கள்.